இருபத்து நான்கு நிமிடம்

பூன் லே சந்திப்பு நிலையம், ஓட்டுநர் உணவகம்,
மின்விசிறிக்கு நேர் கீழே எங்கள் மேசை.
ஒரு பயணம் முடிந்து அடுத்தது கிளம்ப
அட்டவணை எனக்குத் தருவது இருபத்து நான்கு நிமிடம்.
ஓர் அனிமே அத்தியாயமும் அவ்வளவுதான்.
யார் யாரைப் பார்த்து வைத்த அளவோ.

தொடக்கப் பாட்டைத் தள்ளிவிட்டால்
தே குடிக்க ஒன்றரை நிமிடம் மிஞ்சும்.
பாட்டைத் தள்ளுவது பாவம் என்பாள் ஹயாத்தி.
இரட்டை மாடி ஓட்டுபவள்,
தீர்ப்பும் மேல்மாடியிலிருந்துதான் வரும்.
பணிச்சீட்டின் பின்பக்கம் மதிப்பெண் போடுகிறோம்,
மூன்று ஆண்டாக.

'இரும்புக் கொக்கு':
ஒரு குத்து விழ மூன்று அத்தியாயம்.
கை ஓங்கியது திங்கள், தாடையில் பட்டது வியாழன்.
நடுவில் நான் ஜூரோங்கைப்
பதினெட்டு முறை சுற்றிவிட்டேன்.
ஆனாலும் அது பட்ட நொடியில்
என் கரண்டி கீழே விழுந்ததை மறைக்க முடியாது.
ஏழு.

'கலங்கரை ஒன்பது':
கடலை அப்படி யாரும் வரைந்ததில்லை,
ஒவ்வோர் அலைக்கும் தனித்தனிக் கோபம்.
பதினோராம் அத்தியாயம் வரை
அந்தத் தீவிலேயே குடியிருந்தேன்.
பன்னிரண்டில், எல்லாம் கனவு என்றார்கள்.
"ஏற்றிக்கொண்ட பயணியைப் பாலத்தில் இறக்கிவிடுவதா?"
பேனாவால் மேசையைக் குத்தினாள் ஹயாத்தி.
படம் பத்து, முடிவு ஒன்று,
கூட்டி வகுத்தால் ஐந்தரை.
ஆத்திரம் வகுபடவில்லை.

'மழைக்கால மாணவர் மன்றம்':
ஏழு பெண்கள், ஒரே முகம்,
தலைமுடிச் சாயம் தீர்ந்தால் கதையும் தீர்ந்தது.
அவள் எட்டு என்கிறாள்.
வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம்
பக்கக் கண்ணாடியைத் தூணில் உரசிய இரவு
அதைப் பார்த்துத்தான் தூக்கம் வந்ததாம்.
அதற்கெல்லாமா மதிப்பெண் என்றேன்.
"பின்னே எதற்கு?"
எட்டு என்று எழுதினேன், பென்சிலில்.

நேற்று மழை. மேசையில் நான் மட்டும்.
யாரும் சீந்தாத ஒரு தொடர், 'பூசணி இளவரசன்',
முதல் நிமிடத்திலேயே மூன்று போடக் கை போனது.
உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்.
கூட்டத்தில் பின்னால் நிற்பவர்கள் வெறும் தீக்குச்சிகள்.
இளவரசன் பேருந்தேறி ஊரைவிட்டுப் போகிறான்.

எல்லாத் தொடரிலும் ஒரு பேருந்து வரும்.
பள்ளி என்றால் பேருந்து, பிரிவு என்றால் பேருந்து.
ஓட்டுபவனுக்கு மட்டும் முகம் இருக்காது.
ஒரு தொப்பி, அரைத் தோள்,
மீதிக்கு மை தீர்ந்துவிடும் போல.

இதிலும் முகம் இல்லைதான்.
ஆனால் கதவை மூடுமுன் அவன் கை நின்றது,
இடது கண்ணாடிப் பக்கம் தொப்பி திரும்பியது,
ஓடி வந்தவள் ஏறினாள்,
தொப்பி மறுபடி திரும்பியது,
பிறகுதான் கை பொத்தானைத் தொட்டது.
வெள்ளைக் கையுறை, கட்டைவிரல் பக்கம் அழுக்கு.
எல்லாம் சேர்த்து நான்கு நொடி.
வரைந்தவன் எவனோ
வேலை முடிந்து கடைசிப் பேருந்தில்
முன் இருக்கையில் உட்கார்ந்து போயிருக்கிறான்,
தினமும்.

பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன், பலமுறை.
நிலையத்தில் பின்னால் எடுக்க
ஓர் ஆள் நின்று கையசைக்க வேண்டும்,
இங்கே வேண்டாம்.
தே ஆறி ஆடை கட்டியது.

ஹயாத்தி வந்தாள், குடையை உதறினாள், பார்த்தாள்.
"கதை?"
இல்லை.
"படம்?"
மோசம்.
"நான்கு நொடிக்கு ஒன்பதா? கீலா!"
இளந்திரையன் என்ற என் பெயரைப் பாதியாக்கித்
திரை என்றுதான் கூப்பிடுவாள்.
"திரை, நீ தொடரைப் பார்க்கவில்லை,
வேலை பார்த்திருக்கிறாய்."
சீட்டைப் பிடுங்கி நான்கு என்று திருத்தினாள்,
பேனாவில்.

ஒன்பது நாற்பத்திரண்டு. புறப்பாடு.
கதவுப் பொத்தானுக்குப் போன கையை எடுத்தேன்.
இடது கண்ணாடியில் மழை,
அவளுடைய இரட்டை மாடியின் விளக்கு,
வேறெதுவும் இல்லை.
இருந்தும் பார்த்தேன்.
முன் இருக்கையிலிருந்து ஒரு பையன்
காதொலிப்பானைக் கழற்றிக் கேட்டான்:
"அங்கிள், யாருமே வரலையே?"